பெயர் எந்த நோட்டில் ஏறும்?

கீழக்கரையில் ஒரு தெரு. வாப்பா சபரில், அதாவது வெளிநாட்டுப் பிழைப்பில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருதடவை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர். பையனுக்குப் பதினேழு வயது. நாலு மாதமாக வீட்டில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வருஷம் தவறாமல் ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டுத் திருவிழாவுக்குப் போய்வரும் பாட்டியைப் பார்த்து, “நீங்க செய்யறது தீனே (மார்க்கமே) இல்ல” என்று சொல்லிவிட்டான். இரவு இரண்டு மணிக்கும் போர்வைக்குள் போன் வெளிச்சம். மகனுக்குத் தொழுகையில் புதிதாகப் பற்று வந்தால் எந்த உம்மாவும் கலங்க மாட்டாள். கூடப் படித்த கூட்டாளிகள் அத்தனை பேரையும் அவன் ஒரே வாரத்தில் அறுத்துவிட்டதைப் பார்த்துத்தான் இவளுக்கு வயிற்றைக் கலக்கியது.

கமுதிப் பக்கம் இன்னொரு வீடு. பதினொன்றாம் வகுப்புப் பையன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாள் படம், பக்கத்து ஊர்க்காரர்களின் சாதியைக் குத்தும் ஒரு வரி, பின்னால் ஒரு பாட்டு. போன மாதம் வைக்கோல் படப்புக்குள் சாக்கில் சுற்றிச் செருகியிருந்ததை ஆத்தா பார்த்துவிட்டாள்.

இவை குறிப்பிட்ட எந்த வீட்டின் கதையும் அல்ல. இராமநாதபுரம் கடற்கரையிலும் அதற்குப் பின்னாலுள்ள கரிசல் காட்டிலும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை. இரண்டு வீட்டிலும் கேள்வி ஒன்றுதான்: யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் பெயர் எந்த நோட்டில் ஏறும்?

உள்நாட்டில் விளையும் வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பதற்கென்று அரசுகள் கொள்கை எழுதத் தொடங்கி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. பிரிட்டன் 2003-இல் தொடங்கியது. அமெரிக்கா 2011 ஆகஸ்டில் உள்ளூர்ச் சமூகங்களை நம்பிச் செய்வோம் என்று ஒரு வியூக அறிக்கை வெளியிட்டது. இந்திய உள்துறை அமைச்சகத்தில் பயங்கரவாத எதிர்ப்புக்கும் தீவிரமயத் தடுப்புக்கும் சேர்த்து 2017 நவம்பரில் தனிப் பிரிவு வந்தது. இந்தக் கொள்கைகள் எல்லாவற்றையும் மேலே சொன்ன கேள்வியை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் வாதம். அந்த உம்மாவுக்கும் அந்த ஆத்தாவுக்கும் போக ஓர் இடம் இருந்தால் கொள்கை இருக்கிறது. இல்லாவிட்டால் சட்டம் மட்டும்தான் இருக்கிறது.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். 1967-ஆம் ஆண்டின் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், பேச்சு வழக்கில் உபா. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2008 டிசம்பரில் திருத்தியபோது அதற்குப் புதுப் பற்கள் முளைத்தன. சாதாரண வழக்கில் போலீஸ் காவல் 15 நாள் என்றால் இதில் 30 நாள். குற்றப்பத்திரிகைக்கு 90 நாள் போதாவிட்டால், அரசு வழக்கறிஞரின் அறிக்கையைப் பார்த்து நீதிமன்றம் 180 நாள் வரை நீட்டலாம். முன்ஜாமீன் கிடையாது. குற்றச்சாட்டு மேல்பார்வைக்கு உண்மை என்று தோன்றினாலே ஜாமீன் கொடுக்கக் கூடாது என்கிறது 43டி(5). விசாரணை முடிவே தெரியாமல் இழுத்துக்கொண்டு போனால் அதையே காரணமாக வைத்து ஜாமீன் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர் அதற்குள் ஐந்து வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார்.

தாய்மாரைத் தொடும் பிரிவு 19. பயங்கரவாதி என்று தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுத்தால் மூன்று வருஷத்துக்குக் குறையாத, ஆயுள் வரை போகக்கூடிய சிறை. கணவன் மனைவிக்கு இதில் விலக்கு உண்டு. தாய்க்கு விலக்கு இல்லை. சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்ததற்கே மாட்டிக்கொள்வோமோ என்று அந்த உம்மா பயந்தால் அது வெறும் பிரமையாகாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பையன் இன்னும் எதையும் செய்யாத நிலையில், வெறும் பேச்சும் போனுமாக இருக்கும்போது, இந்தப் பிரிவு அவள் பக்கமே வராது. இந்த வித்தியாசத்தை அவளுக்கு எடுத்துச் சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை. 43எஃப் இன்னொன்று. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எழுத்து மூலமான ஒப்புதலோடு விசாரணை அதிகாரி கேட்டால், கையில் உள்ள தகவலை யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டும். மறுத்தால் மூன்று வருஷம் வரை சிறை. பள்ளி ஆசிரியருக்கும் இது பொருந்தும், ஜமாஅத் செயலாளருக்கும் பொருந்தும், பங்குத்தந்தைக்கும் பொருந்தும்.

அதைவிட முக்கியமானது தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு. உபா வழக்கு ஒன்றை உள்ளூர் ஸ்டேஷனில் பதிந்தால் அந்த அறிக்கை மாநில அரசு வழியாக மத்திய அரசுக்குப் போக வேண்டும். வழக்கை முகமை எடுத்துக்கொள்வதா என்பதை 15 நாளுக்குள் மத்திய அரசு முடிவு செய்யும். இதன் பொருளை உள்ளூரில் வைத்துப் பாருங்கள். நல்ல இன்ஸ்பெக்டர் ஒருவர் அந்த உம்மாவிடம், “நாங்க கூப்பிட்டுப் பேசிப் பார்க்கிறோம்மா, கேஸ் எதுவும் போட மாட்டோம்” என்று மனசாரச் சொல்கிறார். பேசப்போன இடத்தில் பையனின் போனில் வேறு ஏதோ இருக்கிறது, வழக்குப் பதிய வேண்டியதாகிறது. அதற்குப் பிறகு அவர் கொடுத்த வாக்குக்கு மதிப்பில்லை. கோப்பே அவர் கையில் இல்லை. அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த தெருவில் உள்ள தாய் இனி வாயைத் திறக்க மாட்டாள்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தனிப்பிரிவு ஏட்டு ஒருவர் உண்டு. ஊரில் யார் புதிதாக வந்தார்கள், எந்தச் சங்கம் எங்கே கூடியது, எந்தப் பையன் எப்படித் திரிகிறான் என்று குறித்துக்கொள்வது அவர் வேலை. அதில் தவறில்லை. ஆனால் ஒரு பெயர் அங்கே ஏறிவிட்டால் அதை எப்போது இறக்குவது என்று யாருக்கும் தெரியாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் பாஸ்போர்ட்தான் வயல், பாஸ்போர்ட்தான் படகு. வெரிஃபிகேஷனில் பாதகமாக ஒரு வரி விழுந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போயிற்று. கமுதிப் பக்கத்துப் பையனுக்குப் போலீஸ், ராணுவ வேலைக்கான நன்னடத்தைச் சரிபார்ப்பு. பாம்பன், தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு மீன்துறை டோக்கன், படகுப் பதிவு, மீனவர் அடையாள அட்டை. தாய் பயப்படுவது சிறைக்கு மட்டும் அல்ல. பத்து வருஷம் கழித்து ஒரு கவுன்ட்டரில் பிள்ளையின் பெயரைத் தட்டும்போது என்ன வரும் என்பதற்கும் சேர்த்துத்தான்.

சொல்வதற்கு யாருமே முன்வருவதில்லை, அதனால்தான் தடுக்க முடியவில்லை என்று அதிகாரிகள் அடிக்கடி சொல்வதுண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது இதற்கு நேர்மாறு.

தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொச்சிக்கடை அந்தோணியார் கோயில் அதில் ஒன்று. கச்சத்தீவு அந்தோணியாருக்குப் படகேறிப் போகும் நம் கரைக்காரர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். தாக்குதலின் தலைவன் காத்தான்குடிக்காரன். நம்மைப் போலத் தமிழ் பேசும், நம் கீழக்கரையைப் போல தர்காவும் பள்ளியும் நிறைந்த ஊர். 2017 மார்ச்சில் அங்குள்ள சூஃபி வழிக்காரர்களோடு அவன் ஆட்கள் வாளோடு மோதினார்கள். ஊரார் போலீசில் புகார் கொடுத்தார்கள், அவனைப் பிடிக்கச் சொல்லித் தெருவில் இறங்கினார்கள். பிடிவாரண்ட் இருந்தும் அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். அதைப் பின்தொடர்ந்து போனதில் 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வண்ணாத்திவில்லில் ஒரு தோட்டத்தில் வெடிபொருள் குவியல் கிடைத்தது. விசாரணைக்கு உதவிய முஸ்லிம் ஒருவரை மார்ச்சில் வீடு புகுந்து சுட்டார்கள். ஏப்ரல் 4-ஆம் தேதி இந்தியாவிலிருந்தும் எச்சரிக்கை போனது. மேலிடத்தில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்ததில் எல்லாம் வீணாயிற்று. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி தன் சொந்தப் பணத்திலிருந்து பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

ஊரார் சொன்னார்கள். முன்கூட்டியே சொன்னார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னதற்கு ரசீது இல்லை. சொன்னவருக்குப் பாதுகாப்பும் இல்லை. எந்தக் கொள்கையிலும் முதலில் இருக்க வேண்டியவை இவை இரண்டும்தான் என்று அடித்துச் சொல்வேன். தகவல் வந்த மூன்று நாளுக்குள் சொன்னவரிடம் யாராவது திரும்ப வந்து, “கேட்டோம், இன்னது செய்கிறோம்” என்று சொல்ல வேண்டும். சொன்னவர் யார் என்பது கேட்டவரைத் தாண்டிப் போகக் கூடாது.

தாக்குதலுக்குப் பிறகு இலங்கை செய்ததும் பாடம்தான். 2021 மார்ச்சில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு விதி கொண்டுவந்தார்கள். தீவிர மதக் கருத்து கொண்டவர் என்று பட்டவரை விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் ‘புனர்வாழ்வு’ முகாமில் வைக்கலாம், இன்னொரு வருஷம் நீட்டலாம். அந்த ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. மனம் மாற்றும் வேலையைப் பூட்டிய கதவுக்குள் செய்யப் பார்த்தால், வெளியே இருக்கும் குடும்பங்கள் அதைச் சிறை என்றுதான் பார்க்கும். எந்த உம்மா தன் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவாள்?

பிரிட்டனின் வழி வேறு. அங்கே 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர், மருத்துவர், நகராட்சி ஊழியர் எல்லாருக்கும் இது கடமை. சந்தேகம் வந்தால் ‘பிரிவென்ட்’ திட்டத்துக்குப் பெயரை அனுப்ப வேண்டும். அங்கே சலித்து எடுத்து, தேவையானவரை ‘சேனல்’ என்ற பலதுறைக் குழுவுக்குக் கொடுப்பார்கள். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6,922 பெயர் போனது. சேனல் குழு எடுத்துக்கொண்டது 512. பெயர் போனவர்களில் ஐந்தில் இரண்டு பேர் 11 முதல் 15 வயதுப் பிள்ளைகள். கடமை என்று சட்டம் போட்டதும், எதற்கு வம்பு என்று ஆசிரியர்கள் கண்டதையும் எழுதி அனுப்பினார்கள். இவ்வளவு அனுப்பியும் தப்பியது தப்பியதுதான். 2024 ஜூலையில் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகளைக் குத்திக் கொன்ற இளைஞனின் பெயர் அதற்கு முன் மூன்று தடவை போயிருந்தது. வன்முறையில் வெறி இருக்கிறது, கொள்கை என்று எதுவும் இல்லையே என்று மூன்று தடவையும் கோப்பை மூடிவிட்டார்கள். பொடிக்கண்ணி வலையை இழுத்தால் குஞ்சுமீன்தான் மடி நிறைய ஏறும். தரம் பிரிக்க உட்கார்ந்தவன் பெரியதைக் கைதவறி விட்டுவிடுவான்.

பிரிட்டனிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. சேனலில் உதவி முடிந்து கோப்பை மூடிய பிறகும் ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் ஒருமுறை பார்க்கிறார்கள். ஜெர்மனியில் 2012 ஜனவரியிலிருந்து குடும்பங்களுக்கென்று ஒரு தொலைபேசி ஆலோசனை நடக்கிறது. அந்தப் போனை எடுப்பது குடியேற்றம், அகதிகளுக்கான அலுவலகம். எடுத்தவர் அந்தந்த ஊரில் உள்ள தன்னார்வ அமைப்புகளின் ஆலோசகர்களிடம் குடும்பத்தைச் சேர்த்துவிடுகிறார். முதல் குரல் காக்கிச்சட்டைக் குரலாக இருக்காது. இதுதான் நமக்கு வேண்டியது.

நம் மாவட்டத்தில் அரசுக்கு ஒரு திறமை உண்டு. செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் ஜெயந்தி. இந்த இரண்டு நாளைக் கடத்த ஒவ்வொரு வருஷமும் தடையுத்தரவு, வாடகை வண்டிக்குத் தடை, சொந்த வண்டிக்கு அனுமதிச் சீட்டு, எந்த ஊர் எந்த வழியாக எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று அட்டவணை, வண்டிக்கூரையில் ஏறக் கூடாது என்ற கண்டிப்பு, டாஸ்மாக் மூடல், ஆயிரக்கணக்கில் வெளிமாவட்டப் போலீஸ். கோட்டாட்சியர் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வந்து டீ குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். 1957 முதுகுளத்தூர்க் கலவரத்தையும் 2011 பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டையும் கண்ட மாவட்டம் இது. இந்த ஏற்பாடு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சமாதானக் கூட்டத்தில் பதினேழு வயதுக்காரன் ஒருவனும் இருப்பதில்லை. கையெழுத்துப் போடுகிற பெரியவர் பேச்சை ஸ்டேட்டஸ் போடுகிற பையன் கேட்பதுமில்லை. நவம்பர் முதல் தேதி லாரிகள் திரும்பிவிடும். வைக்கோல் படப்புக்குள் இருப்பது அப்படியே இருக்கும்.

தீவிரவாதத் தடுப்பு என்றால் ஒரே ஒரு மதத்தை நினைப்பதும், சாதி என்று வந்தால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று தள்ளுவதும் இங்கே பழக்கமாகிவிட்டது. வேலை செய்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பாதை. தனிமை, மானம் போன உணர்வு, போனில் கிடைக்கும் புதுக் கூட்டாளி, ‘அவன்கள்’ என்று ஒரு எதிரி, பிறகு ஆயுதம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் கூடப் படித்த மாணவனையும் அவன் தங்கையையும் பள்ளிப் பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்ற பரிந்துரையைத்தான் எல்லாரும் பேசினார்கள். பெரிய பள்ளிகளில் மாணவர் நல அலுவலர் வேண்டும் என்று அதே அறிக்கை சொன்னதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. கயிற்றை அறுக்க ஒரு நிமிடம் போதும். அலுவலருக்குச் சம்பளம் போட வேண்டும். மாவட்ட அளவில் இந்த வேலைக்கு ஒரு மேசை போட்டால், கீழக்கரைப் பையனும் கமுதிப் பையனும் அதே மேசைக்கு வர வேண்டும். ஒரு சமூகத்துக்கு மட்டும் என்று போட்டால் அது முதல் நாளே செத்துவிடும். அந்தச் சமூகமே அதைக் கண்காணிப்பு என்று ஒதுக்கும்.

கடலோரக் காவல் இதோடு சேராது, ஒரு வரியில் விடுகிறேன். 26/11-க்குப் பிறகு படகு, ரோந்து, 1093 தொலைபேசி, ஒத்திகை என்று நிறையச் செய்தார்கள், நல்லது. அது வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் வேலை. கடல் அட்டை கடத்துகிறவனையும் பீடி இலை ஏற்றுகிறவனையும் தீவிரவாதக் கணக்கில் சேர்த்தால், கடலில் முதலில் பார்த்துச் சொல்லவேண்டிய நாட்டுப்படகுக்காரன் வாயை மூடிக்கொள்வான்.

எங்கோ டென்மார்க்கிலும் சிங்கப்பூரிலும் மாதிரி தேட வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கூரைக்கொட்டகை எரிந்து, சங்கிலியால் கட்டிவைத்திருந்த 28 பேர் கருகினார்கள். கட்டைக் கழற்ற ஆள் இல்லாததால் ஓட முடியவில்லை. காப்பகங்களை மூடினார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் மூடியதால் மட்டும் ஜனங்கள் தர்காவுக்கு வருவது நிற்கவில்லை, நிற்கவும் நிற்காது. பேய் பிடித்தது, செய்வினை என்று நம்பி, இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் கடைசி நம்பிக்கையாக அங்கேதான் வருகிறார்கள். பிறகுதான் அரசுக்கு ஒன்று உறைத்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்று அவர்களைக் கூப்பிடுவதை விட, ஆஸ்பத்திரியை அவர்கள் வருகிற இடத்துக்குக் கொண்டுபோவதே வழி. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தர்கா வளாகத்திலேயே உட்கார ஆரம்பித்தார். தவா – துவா என்று அதற்குப் பெயர். மருந்தும் உண்டு, பிரார்த்தனையும் உண்டு.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஓதித் தண்ணீர் கொடுக்கிறவர், “ஓதியாச்சும்மா, அந்தா அந்த ரூம்ல டாக்டர் இருக்காரு, அவரையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க” என்று கையைக் காட்டுகிறார். அந்த ஒரு வாக்கியம்தான் முழுத் திட்டமும். நம்பிக்கைக்குரிய ஒருவர், நம்பிக்கையைக் கெடுக்காமல், அடுத்த வாசலைக் காட்டுகிறார். டாக்டரும் முதல் கேள்வியாக ஜின்னைப் பற்றியோ மந்திரத்தைப் பற்றியோ வாதம் செய்வதில்லை. “ராத்திரி தூங்குறானா? சாப்பிடுறானா?” என்றுதான் கேட்கிறார். அங்கே ஏறுகிற பெயர் நோயாளிச் சீட்டில் ஏறுகிறது. அந்தச் சீட்டைக் கேட்டு பாஸ்போர்ட் அலுவலகம் வராது.

அந்த உம்மாவுக்கு வேண்டியதும் இப்படிப்பட்ட ஓர் அறைதான். எப்படி அமைப்பது என்று சொல்கிறேன். 2022 ஜனவரியில் திறந்த இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு வெளிநோயாளி வாசலை ஒட்டி ஓர் அறை போதும். வாசலில் போர்டு வேண்டாம். ‘இளைஞர் ஆலோசனை’ என்று ஒரு சின்னப் பலகை இருந்தாலே அதிகம். எஸ்.பி. அலுவலகம் இருக்கும் தெருவில் வைக்கவே கூடாது. ஐந்து பேர்: மனநல ஆலோசகர் ஒருவர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஒருவர், பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஓர் ஆசிரியர், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் ஒருவர். ஐந்தாவது நாற்காலி நிரந்தரமில்லாதது. குடும்பமே கைகாட்டும் பெரியவர் அதில் உட்கார வேண்டும்: ஆலிமோ, பங்குத்தந்தையோ, தாய்மாமனோ, கபடிக் கோச்சோ. அதிகாரி தேர்ந்தெடுத்த ‘சமுதாயத் தலைவர்’ வேண்டாம். அவர் வந்து உட்கார்ந்தால் அடுத்த நாள் காலை டீக்கடையில் விஷயம் இருக்கும்.

போலீஸ் அந்த மேசையில் உட்காராது. ஆனால் எப்போது அவர்களிடம் போக வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், குடும்பத்துக்கு முதல் சந்திப்பிலேயே வாசித்துக் காட்டவும் வேண்டும். நாலு வார்த்தை: ஆயுதம், பணம், பயணம், நாள். ஆயுதம் கைக்கு வந்திருந்தால், கூட்டத்துக்குப் பணம் போனதோ வந்ததோ இருந்தால், சேரப் போவதாகக் கிளம்பத் தயாரானால், இன்னாரை இன்ன நாள் என்று குறித்திருந்தால், அன்றைக்கே போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். வக்கீல் கூடப் போவார். இந்த நாலும் இல்லாதவரை எதுவும் வெளியே போகாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23-ஆம் பிரிவு நோயாளி பற்றிய தகவலைக் காக்கிறது. பிறர் உயிருக்கோ பொதுப் பாதுகாப்புக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு தருகிறது. ஏறக்குறைய அதே கோடுதான் இதுவும். ‘எதையுமே யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று பொய் வாக்குக் கொடுத்துத் தொடங்குகிற ஆலோசகர் மூன்றாவது வாரத்தில் மாட்டிக்கொள்வார்.

நாள்கணக்கும் வேண்டும். தகவல் வந்த 72 மணி நேரத்துக்குள் முதல் சந்திப்பு, அதுவும் தாயோடு மட்டும். பையனை இரண்டாவது வாரத்துக்கு முன் கூப்பிட வேண்டாம். “உன்னைப் பத்திச் சொல்லிட்டாங்க” என்று அவன் கண்டுபிடித்த நிமிடம் வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும். பிறகு ஆறு வாரம், வாரம் ஒன்று. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் ஒரு பார்வை. ஓர் ஆலோசகர் கையில் ஒரே நேரத்தில் பத்துப் பிள்ளைக்கு மேல் இருக்கக் கூடாது. வருஷக் கடைசியில் முடிந்த கோப்புகளில் பெயரை அழித்துவிட்டு வயது, தாலுகா, விளைவு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கெடும் என்பதும் தெரிந்ததுதான். “இந்த மாதம் எத்தனை பேரைத் திருத்தினீர்கள்?” என்று மேலிடம் கேட்க ஆரம்பித்ததும், எண்ணிக்கைக்காகத் தாடி வளர்த்தவனையும் காப்புப் போட்டவனையும் பிடித்து வந்து கணக்குக் காட்டுவார்கள். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு ‘மனம் திருந்திய இளைஞர்கள்’ என்று முதுகைக் காட்டிப் போட்டோ எடுத்தாலும் முடிந்தது. சின்ன ஊரில் முதுகை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். தேறிய பையனிடம் யாராவது, “தம்பி, அந்தக் குரூப்ல என்ன பேசுறாங்கன்னு மட்டும் நமக்குச் சொல்லு” என்று தூண்டில் போட்டால் அதுதான் கொலை. அவன் உயிருக்கும் ஆபத்து, அறையும் அன்றோடு காலி. நல்ல கலெக்டர் ஒருவரை நம்பித் தொடங்கிய திட்டம் அவர் மாறுதலோடு போய்விடும். அதனால்தான் மேசையைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் வைக்கச் சொல்கிறேன். அதன் தலைவரான மாவட்ட நீதிபதி மாறினாலும் அந்த அலுவலகம் மாறாது. காசு இல்லை என்று சொல்லவும் முடியாது. முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018-இல் நாடு முழுவதும் 112 மாவட்டங்களை எடுத்தபோது தமிழ்நாட்டில் எடுத்தவை இராமநாதபுரமும் விருதுநகரும்தான். ஓர் அறைக்கும் ஓர் ஆலோசகருக்கும் ஆகும் செலவு பெரிதில்லை.

அந்த அறை வரும்வரை அந்தத் தாய்மார் என்ன செய்வது? அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416-க்குப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். “பிள்ளை தூங்க மாட்டேங்குறான், யாரோடயும் பேச மாட்டேங்குறான், எனக்குப் பயமா இருக்கு” என்பது போதும், அதுவே உண்மையும்கூட. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பையனின் போனைப் பிடுங்கி உடைக்க வேண்டாம். நாளைக்கு அவன் அப்பாவி என்று காட்டவும் அந்தப் போன்தான் வேண்டும். யாராவது பெரியவன் அவனை இதில் இழுத்துவிட்டிருந்தால், சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 83-ஆம் பிரிவு அந்தப் பெரியவனுக்குத்தான்: ஆயுதக் குழுவுக்குப் பிள்ளையைச் சேர்த்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது, அவள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. வந்தால் வாசலைத் திறக்கும் முன் வக்கீலுக்கு ஒரு போன். கமுதி ஆத்தா அந்தச் சாக்கை எடுத்துக் கண்மாயில் வீச வேண்டாம், அவளாகத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போக வேண்டாம். 15100-க்கு அடித்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் கூட வருவார். பெண் என்பதாலேயே அவளுக்கு அது இலவசம். வருமானச் சான்று கேட்கக் கூடாது.